கம்பவுண்டர் காந்தி

வைகை பிறக்கும் வருசநாட்டு மலைச் சரிவுகளில் வாழ்வோருக்கு டோலி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நீண்ட கழி ஒன்று. அதில் தூளிபோல் கட்டிய கம்பளி. அதற்குள்ளே காய்ச்சலில் முனகும் கிழவரோ, பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணோ. வண்டி ஏற முடியாத இடத்திலிருந்து நோயாளியைக் கீழே கொண்டு சேர்க்க மலைநாடுகளில் தொன்றுதொட்டு இருந்துவரும் வழி இதுதான்.

டோலி தூக்குகிறவனுக்குப் பட்டம் கிடையாது, பதவி கிடையாது. நோயாளி பிழைத்து எழுந்தால் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அது நியாயமே. ஆனால், இருட்டில், வழுக்குப் பாறையில், தூக்கி வந்தவனின் கால் இடறியிருந்தால் டாக்டரின் வித்தை யாருக்குப் பயன்பட்டிருக்கும்? வைத்தியம் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை. நோயாளியைத் தூக்கும் முதல் கையில் தொடங்குகிறது.

உலகமே அறிந்த ஒருவர் தமது முப்பதாவது வயதில் இப்படிக் காயம்பட்டோரைச் சுமந்து மைல் கணக்கில் நடந்தார். அதற்கு முன்பே ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக மருந்து கலந்து கொடுத்தார். தம்மைப் போலவே தொண்டு செய்யப் பலரைப் பழக்கினார். அவர்தாம் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. உப்பு அள்ளிய காந்தியையும், இராட்டை சுற்றிய காந்தியையும் நாம் நன்கு அறிவோம். நோயாளியின் புண்ணைக் கழுவிய காந்தியை அவ்வளவாக அறியோம்.

தந்தையின் கால்மாட்டில்

1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸுக்கு முதல் நோயாளி அவருடைய தந்தையே. ராஜகோட்டில் திவானாக இருந்த கரம்சந்த் காந்தி பவுத்திர நோயால் படுத்த படுக்கையானார். பள்ளிக்கூடம் விட்டதும் சிறுவன் நேரே வீட்டுக்கு ஓடி வருவான். புண்ணுக்குக் கட்டுப் போடுவான். வேளை தவறாமல் மருந்து கொடுப்பான். வீட்டிலேயே தயாரிக்க வேண்டிய மருந்துகளைத் தானே கலந்து வைப்பான். இரவில் தந்தையின் கால்களை அமுக்கிவிட்டு, அவர் தூங்கிய பிறகே படுக்கப் போவான்.

1885-ம் ஆண்டில் ஒரு நாள் இரவு. கால் அமுக்கிக்கொண்டிருந்த மோகன்தாஸைச் சிற்றப்பா விடுவித்தார். அவர் தம் மனைவி இருந்த அறைக்குச் சென்றார். சில நிமிஷங்களே கழிந்திருக்கும். வேலைக்காரன் வந்து கதவைத் தட்டினான். தந்தை போய்விட்டார். கடைசி மூச்சின்போது தாம் பக்கத்தில் இல்லையே என்ற வேதனை காந்திஜியை ஆயுள் முழுதும் விடவில்லை. தம் சுயசரிதையில் அதை ஒளிக்காமல் எழுதி வைத்தார். பிற்காலத்தில் எத்தனையோ நோயாளிகளின் தலைமாட்டில் அவர் அலுக்காமல் உட்கார்ந்திருந்ததற்கு அந்த இரவும் ஒரு காரணம் என்று எண்ண இடமுண்டு.

வைத்தியப் படிப்பின்மீது அவருக்கு ஆசை இருந்தது. சீமைக்குப் போவது பற்றிய பேச்சு வந்தபோது, டாக்டருக்குப் படிக்கலாமா என்று கேட்டார். வைஷ்ணவர்கள் பிணத்தை அறுப்பதைத் தந்தை விரும்பியதில்லை என்று அண்ணன் தடுத்துவிட்டார். ஆகவே மோகன்தாஸ் பாரிஸ்டரானார். டாக்டர் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. நோயாளிகள் மட்டும் அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள்.

டர்பன் தர்ம ஆஸ்பத்திரி

1893-ல் அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் அப்போது ஆயிரக்கணக்கான இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக உழன்றுகொண்டிருந்தனர். அவர்களில் தமிழர் ஏராளம். எஜமானனிடம் அடிபட்டுப் பல் உடைந்து, இரத்தம் ஒழுக வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளியை முதலில் டாக்டரிடம் அனுப்பிவிட்டுத்தான் காந்திஜி அவருக்காக வழக்காடினார்.

ஒரு நாள் குஷ்டரோகி ஒருவர் பிச்சை கேட்டு அவர் வீட்டு வாசலுக்கு வந்தார். ஒரு வேளைச் சோறு கொடுத்து அனுப்பிவிட மனம் வரவில்லை. உள்ளே அழைத்து இடம் கொடுத்தார். புண்களுக்குக் கட்டுப் போட்டார். வீட்டிலேயே நெடுநாள் வைத்துக்கொள்ள வசதியில்லாததால், ஒப்பந்தத் தொழிலாளருக்கான சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அவரை அனுப்பி வைத்தார். ஆனாலும் மனம் அமைதி அடையவில்லை. நாள்தோறும் செய்யும்படியான தொண்டு ஏதேனும் வேண்டும் என்று ஏங்கினார்.

அந்த ஏக்கத்தைத் தீர்த்து வைத்தவர் டாக்டர் பூத். டர்பனில் செயின்ட் எய்டன்ஸ் கிறிஸ்தவ மிஷனின் தலைவர். ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்தவர். பார்ஸி ருஸ்தம்ஜி என்ற வணிகர் பொருளுதவி செய்ய, பூத்தின் மேற்பார்வையில் ஒரு சிறு தர்ம ஆஸ்பத்திரி உருவாயிற்று. அங்கே மருந்து கலந்து கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பாரிஸ்டர் காந்தி அந்த வேலையை ஏற்றுக்கொண்டார்.

தினமும் காலையில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் அங்கே வேலை. வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் தமிழர், தெலுங்கர், வட இந்தியர் ஆகிய ஒப்பந்தத் தொழிலாளர். அவர்களிடம் பக்குவமாக விசாரித்து, உடம்புக்கு என்ன என்று தெரிந்து, அதை டாக்டரிடம் எடுத்துச் சொல்வார். டாக்டர் எழுதும் மருந்தைக் கலந்து கொடுப்பார். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீலை மடக்கிய நாவு, இங்கே கூலிக்காரரின் வயிற்று வலியைப் பொறுமையாகக் கேட்டது.

தலைமை வகிக்க வேண்டியவர் முதலில் ஒருவரின் கீழ் நின்று பழகவேண்டும். காந்திஜிக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது இந்தச் சிறு ஆஸ்பத்திரிதான்.

போர்முனையில் ஆயிரத்து நூறு பேர்

1899 அக்டோபரில் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் யுத்தம் மூண்டது. காந்திஜியின் அனுதாபம் போயர்கள் பக்கமே இருந்தது. ஆயினும், பிரிட்டிஷ் பிரஜைகள் என்ற முறையில் உரிமை கேட்கிற நாம், ஆபத்து வேளையில் கடமையைச் செய்யாமல் இருக்கலாமா என்று அவர் எண்ணினார். அவர் முடிவு சரியா, தவறா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. ஆயுதம் எடுக்கத் தெரியாதவர்கள் காயம்பட்டோரைச் சுமக்கலாமே என்று இந்தியர் சார்பில் சர்க்காருக்கு எழுதினார்.

பதில் மரியாதையாக வந்தது. ஆனால் உதவி தேவையில்லை என்று இருந்தது. இந்தியர் கோழைகள், யுத்த பூமியில் அவர்களுக்கு என்ன வேலை என்பது அங்கிருந்த வெள்ளையர் பலரின் எண்ணம்.

காந்திஜி மனம் தளரவில்லை. அழைப்பு வரட்டும் என்று சும்மா இருக்கவும் இல்லை. குமாஸ்தாக்கள், வியாபாரிகள், நேட்டாலிலேயே பிறந்த கிறிஸ்தவ இளைஞர்கள் என்று பலரையும் சேர்த்து டாக்டர் பூத்திடம் பயிற்சிக்கு அனுப்பினார். தாமும் மாணவராக உட்கார்ந்தார். இரத்தப் பெருக்கை நிறுத்துவது எப்படி, முறிந்த காலுக்கு மட்டை வைத்துக் கட்டுவது எப்படி, தூக்குக் கட்டிலை ஆடாமல் எடுத்துச் செல்வது எப்படி என்று கற்றுக்கொண்டார்கள்.

யுத்தத்தில் பிரிட்டிஷாருக்குச் சேதம் பெருகியது. அப்போது இந்தியரின் நினைவு வந்தது. சுமார் 1,100 பேர் கொண்ட படை அமைந்தது. அவர்களில் சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர். மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். தலைவர்களாக இருந்தவர்கள் நாற்பது பேர் அளவில். வைத்திய மேற்பார்வை டாக்டர் பூத். துணை மேற்பார்வையாளர் காந்திஜி.

1899 டிசம்பர் 15-ந் தேதி கொலென்ஸோவில் பெரும் போர் நடந்தது. அன்றே இந்தியப் படைக்கு வேலை தொடங்கிற்று. சேனாதிபதி ராபர்ட்ஸ் பிரபுவின் மகன் அங்கே படுகாயமுற்று மாண்டார். அந்த இளைஞரைச் சுமக்கும் பொறுப்பும் இந்தியர் தோளில் விழுந்தது. தம் வீட்டுத் திண்ணையில் இந்தியனை உட்கார விடாதவர்கள், அவன் தூக்கிய கட்டிலில் படுத்து வந்தார்கள்.

குண்டு விழும் எல்லைக்குள் இந்தியர் போக வேண்டியதில்லை என்பதுதான் ஏற்பாடு. 1900 ஜனவரியில் ஸ்பியான் காப் குன்றில் நடந்த போரில் அந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது. போக வேண்டிய கட்டாயம் இல்லை. போய் எடுத்து வந்தால் நன்றியுடையவனாவேன் என்று சேனாதிபதி புல்லர் சொல்லி அனுப்பினார். ஒருவரும் தயங்கவில்லை. நேரே போர்க்களத்துக்குள் சென்றார்கள். படுகாயமுற்ற தளபதி உட்கேட்டும் அவர்கள் சுமந்து வந்தவர்களில் ஒருவர். சில நாட்களில் 20, 25 மைல் வரை காயம்பட்டோருடன் நடந்தார்கள்.

கடும் வெயிலில் ஒரு நாள் வழியில் சிற்றோடை ஒன்று குறுக்கிட்டது. எல்லாருக்கும் தாகம். நீங்கள் முதலில் குடியுங்கள் என்று வெள்ளைச் சிப்பாய்கள் இந்தியரை உபசரித்தார்கள். இந்தியரோ சிப்பாய்களை முதலில் குடிக்கச் சொன்னார்கள். ஊருக்குள் கூடாது என்று விலக்கியவர்கள் ஓடைக்கரையில் ஒன்றானார்கள். காந்திஜி இதைப் பல ஆண்டுகள் கழித்தும் மறக்கவில்லை.

மெடல் யாருக்கு?

ஆறு வாரங்களில் படை கலைக்கப்பட்டது. புல்லர் தம் அறிக்கையில் இந்தியரின் சேவையைக் குறிப்பிட்டார். தலைவர்கள் 37 பேருக்கு யுத்த மெடல் கிடைத்தது.

வாசகர்கள் இந்தக் கணக்கைச் சற்றுக் கவனிக்க வேண்டும். சுமந்தவர்கள் 1,100 பேர். மெடல் பெற்றவர்கள் 37 பேர். தோட்டத்திலிருந்து வந்து, தூக்கி முடித்து, மீண்டும் தோட்டத்துக்கே திரும்பிய கூலிகளின் சட்டையில் எந்த மெடலும் ஏறவில்லை. எங்கோ ஒருவருக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடித்தது. முற்றுகையிடப்பட்ட லேடிஸ்மித் நகரில், எதிரியின் பீரங்கி வெடிக்கும்போதெல்லாம் மரத்திலிருந்து மணியடித்து மக்களை எச்சரித்த பிரபு சிங் என்ற ஒப்பந்தத் தொழிலாளிக்கு, இந்தியாவிலிருந்து காஷ்மீர் அங்கி ஒன்று பரிசாக வந்தது.

பாராட்டு வந்தது, உரிமை வரவில்லை. ஒப்பந்தம் முடிந்த கூலிகள்மீது விதிக்கப்பட்ட மூன்று பவுன் தலைவரி, சத்தியாக்கிரகப் போருக்குப் பின் 1914-ல்தான் நீங்கிற்று. முதுகில் தட்டிக்கொடுப்பது வேறு. முதுகிலுள்ள பாரத்தை இறக்குவது வேறு என்று காந்திஜி இதிலிருந்து கற்றுக்கொண்டார்.

நான்கு குமாஸ்தாக்கள்

1904 மார்ச் மாதம். ஜோஹானஸ்பர்க்கில் இந்தியர் வாழ்ந்த சேரிக்கு, தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் 23 பேர் கொடிய பிளேக் நோயோடு வந்து சேர்ந்தார்கள். மதன்ஜித் என்ற தொண்டர் காலியாயிருந்த வீடு ஒன்றின் பூட்டை உடைத்து, நோயாளிகளை அதில் கிடத்திவிட்டுக் காந்திஜிக்குச் சீட்டு அனுப்பினார். அவர் சைக்கிளில் விரைந்தார். டாக்டர் வில்லியம் காட்பிரேயும் செய்தி கேட்டு ஓடி வந்தார்.

ஒரு டாக்டர், 23 நோயாளிகள். கை போதாது. காந்திஜியின் அலுவலகத்தில் நான்கு இந்திய இளைஞர்கள் குமாஸ்தாக்களாக இருந்தனர். யாருக்கும் குடும்பப் பொறுப்பு இல்லை. அதைப் பார்த்தே அவர்களை அழைக்கத் துணிந்தார். உயிருக்கு ஆபத்தான வேலை என்பதை மறைக்கவில்லை. நீங்கள் போகும் இடத்துக்கு நாங்களும் வருகிறோம் என்று அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். இரவு முழுதும் கண் விழித்து நோயாளிகளைக் கழுவித் துடைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், படுக்கையைச் சுத்தம் செய்தார்கள். தலைவர் எட்ட நின்று ஏவியிருந்தால் அந்த இளைஞர்கள் வந்திருப்பார்களா? அசுத்தத்தில் முதலில் கை வைத்தவர் அவரேயாதலால் அவர்கள் கையும் கூசவில்லை.

மறுநாள் நகரசபை ஒரு கிடங்கைக் கொடுத்தது. நர்ஸ் ஒருத்தியையும் அனுப்பியது. காந்திஜி தமக்கு நம்பிக்கையிருந்த மண் சிகிச்சையை டாக்டரின் அனுமதியோடு மூவருக்குச் செய்தார். அவர்களில் இருவர் பிழைத்தனர். கிடங்கில் இருபது பேர் மாண்டனர். உதவிக்கு வந்த நர்ஸும் அந்த நோய்க்கே பலியானாள். இது வெற்றிக் கதையன்று. ஆனால், செத்தவர்களில் ஒருவரும் தீண்ட ஆளின்றிச் சாகவில்லை.

சவுக்கடிப் புண்கள்

1906-ல் நேட்டாலில் ஜூலு மக்கள் வரி கட்ட மறுத்துக் கிளர்ந்தனர். காந்திஜி 24 பேர் கொண்ட சிறு தொண்டர் படையுடன் சென்றார். அவருக்குத் தற்காலிகமாக சார்ஜண்ட் மேஜர் பதவி அளிக்கப்பட்டது. போய்ச் சேர்ந்த பிறகுதான் அது யுத்தமே அல்ல, மனித வேட்டை என்று அவருக்குப் புரிந்தது. படைக்குக் கிடைத்த வேலையோ, காயமுற்ற ஜூலுக்களைக் கவனிப்பது. வெள்ளையர் எவரும் அவர்களைத் தொட முன்வரவில்லை.

பலருடைய காயம் போரில் பட்டதே அல்ல. சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டுச் சவுக்கால் அடிக்கப்பட்டவர்கள் அவர்கள். கவனிப்பாரின்றிப் புண்கள் சீழ் வைத்திருந்தன. காந்திஜியின் ஆட்கள் அவற்றைக் கழுவிக் கட்டினார்கள். வேலிக்கு அப்பால் நின்ற வெள்ளைச் சிப்பாய்கள் ஏசினார்கள், தடுக்கப் பார்த்தார்கள். கட்டுப் போடும் கைகள் நிற்கவில்லை. ஜூலுக்களின் மொழி இவர்களுக்குத் தெரியாது. நன்றியை அவர்கள் கண்களாலேயே தெரிவித்தார்கள்.

சர்க்காருக்கு உதவச் சென்ற காந்திஜி, அந்த முகாமில்தான் சர்க்காரின் சவுக்கு எப்படிப்பட்டது என்று கண்ணாரக் கண்டார். சில மாதங்களுக்குள் ஜோஹானஸ்பர்க்கில் சத்தியாக்கிரகத்துக்கு வித்திடும் சபதம் எடுக்கப்பட்டது.

திரும்பிப் போன பதக்கங்கள்

1914-ல் உலக யுத்தம் தொடங்கிய சமயத்தில் லண்டன் வந்து சேர்ந்த காந்திஜி, அங்கிருந்த இந்திய மாணவர்களையும் மற்றவர்களையும் திரட்டினார். சுமார் எண்பது பேர் சேர்ந்தார்கள். டாக்டர் கான்ட்லி அவர்களுக்கு ஆறு வாரம் முதலுதவி கற்பித்தார். நாற்பத்தைந்து வயதுத் தலைவர் மீண்டும் மாணவரானார்.

1915-ல் அவருக்குக் கைஸர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளிக்கப்பட்டது. போயர் யுத்த மெடலும் ஜூலு மெடலும் முன்பே இருந்தன. மூன்றும் மனிதாபிமானத் தொண்டுக்காகக் கிடைத்தவை.

ஐந்து ஆண்டுகள் சென்றன. நடுவே பஞ்சாபில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. 1920 ஆகஸ்டு 1-ந் தேதி காந்திஜி மூன்று பதக்கங்களையும் வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பிவிட்டார். கொடுத்தவர்மீது மதிப்புப் போனபின் கொடுத்த பொருளுக்கு என்ன மதிப்பு? மெடல் போயிற்று, தொண்டு போகவில்லை.

மறு ஆண்டு மதுரையில் மேலாடையைத் துறந்தார். இனி மெடல் குத்துவதற்குச் சட்டையும் இல்லை!

கை மாறிய விளக்கு

1930-களின் இறுதியில் சேவாகிராம ஆசிரமத்துக்குப் பர்ச்சுரே சாஸ்திரி என்ற சம்ஸ்கிருத பண்டிதர் வந்தார். குஷ்டரோகம் முற்றியிருந்தது. அவருக்கு அருகிலேயே ஒரு குடிசை போட்டுக் கொடுத்து, எழுபது வயதுக் காந்திஜி தம் கையாலேயே அவர் உடம்பைத் தேய்த்துவிட்டார். டர்பனில் வாசலுக்கு வந்த ரோகியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லையே என்ற பழைய குறை அன்று தீர்ந்திருக்கும்.

அதை அருகிலிருந்து பார்த்துப் பழகியவர் டாக்டர் சுசீலா நாயர். 1946-ல் நவகாளியில் கலவரம் நடந்தபோது காந்திஜி தம் தோழர்களை ஆளுக்கொரு கிராமமாகத் தனித்தனியே அமர்த்தினார். பயந்தவர்களிடையே தனித்து நின்று தொண்டு செய்யக் கற்பித்தார். சுசீலாவும் அப்படி ஒரு கிராமத்தில் வைத்தியம் பார்த்தார். அவர் பிற்காலத்தில் இந்தியாவின் சுகாதார மந்திரியாகி, சேவாகிராமத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியையும் நிறுவினார்.

டில்லியில் டாக்டருக்குப் படித்த நாட்களில் சுசீலாவுக்குத் தோழியாக இருந்தவர் நம் தமிழ்நாட்டு டாக்டர் சௌந்தரம். டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள், இளமையிலேயே விதவையானவர். சுசீலாவின் மூலம் காந்திஜியின் வழிக்கு வந்தார். செல்வ வீட்டுப் பெண் பெரிய நகரத்தில் கிளினிக் வைக்காமல், சின்னாளபட்டியில் சிறு மருத்துவ நிலையம் தொடங்கினார். 1947-ல் கணவர் ஜி. இராமச்சந்திரனுடன் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தார். வருசநாடும் காந்திகிராமமும் அப்போது ஒரே மதுரை ஜில்லாவில் இருந்தவை. கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கவும், குழந்தை வளர்க்கவும், சுகாதாரம் பேணவும் கற்பிக்கும் பணி அங்கே வேரூன்றிற்று. டர்பனில் டாக்டர் பூத் ஏற்றிய விளக்கு, கை மாறிக் கை மாறி, சிறுமலை அடிவாரம் வரை வந்து சேர்ந்தது.

காந்திஜி 1948 ஜனவரி 30-ல் மறைந்தார். காலமும் மாறிவிட்டது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 வண்டி ஓடத் தொடங்கியது. டிரைவருக்குத் துணையாக, முதலுதவி பயின்ற ஒரு மருத்துவ உதவியாளர் அதில் வருகிறார். வழியிலேயே இரத்தத்தை நிறுத்துகிறார், பிராணவாயு கொடுக்கிறார், சில வேளை வண்டியிலேயே பிரசவம் பார்க்கிறார். வண்டி நிற்கிற இடத்துக்கு மேலே, பாதை இல்லாத இடத்தில், டோலிக்குத் தோள் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படத்தைப் பத்திரிகையில் போடுவது அபூர்வம்.

நம் ஊர் ஆஸ்பத்திரியிலும் ஒரு மூத்த கம்பவுண்டரோ, நர்ஸோ, வண்டியோடு வரும் உதவியாளரோ இருப்பார். புதிதாக வந்த பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, கட்டுப் போடக் கற்றுக்கொடுப்பார். அருவருப்பான வேலை வரும்போது அவர்களை ஏவாமல் தாமே முதலில் குனிவார். அவருக்கு மெடல் வரட்டும், வராமல் போகட்டும். அடுத்த முறை காணும்போது பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நின்று ஒரு வணக்கம் சொல்வோம். 1,100 பேரில் மெடல் கிடைக்காத ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் அந்த வணக்கம் போய்ச் சேரும்.